காக்கிச் சட்டையும் வீடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2022-ல் வந்த ‘விலங்கு’ தொடரை இப்போதுதான் டிவியில் பார்த்து முடித்தோம். கொலை விசாரணைக்கு நடுவில் எஸ்.ஐ. பரிதியின் வீட்டுக் கதை எதற்கு என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். எனக்கு அந்தக் காட்சிகள்தான் பிடித்தன.

என் அப்பா வேலூரில் ஏட்டாக இருந்தவர். 1981-ல் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயிலில் மறுபடியும் லிங்கம் வைத்த சமயம், பந்தோபஸ்துக்குப் போனவர் வீடு திரும்ப நாலு நாள் ஆனது. அம்மா கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்த சட்டை, காலரில் உப்புப் பூத்துத் திரும்பி வந்தது. பூட்ஸைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் திண்ணையிலேயே தூங்கிவிட்டார். நான்தான் கயிற்றை அவிழ்த்தேன், கால் இரண்டும் அப்படி வீங்கியிருந்தன. கர்ப்பிணி மனைவிக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவே, பரிதியாக நடித்த விமல் தவிக்கும்போது எனக்கு அந்தக் கால்கள்தான் கண்முன் வந்தன.

ஆனால் ஸ்டேஷனில் வைத்து அடிப்பதைச் சர்வசாதாரணமாகக் காட்டியது எனக்கு ஒப்பவில்லை. அப்புறம், போலீஸ்காரரின் மனைவியை முதன்மைப் பாத்திரமாக வைத்து யாராவது ஒரு தொடர் எடுங்களேன். எங்கள் அம்மா இருந்திருந்தால் ஒரு பகுதி விடாமல் பார்த்திருப்பார்.

இப்படிக்கு,
ஓர் ஏட்டின் மகள்,
சத்துவாச்சாரி, வேலூர்