எகிப்திய நாடகம்: விடுபட்ட அறுபது ஆண்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நாடகாசிரியர் தவ்ஃபீக் அல்-ஹகீமின் ‘குகைவாசிகள்’ நாடகம் வந்த பிறகுதான் எகிப்தில் நவீன நாடகம் பிறந்தது என்கிறது உங்கள் ஞாயிறு இணைப்புக் கட்டுரை. அச்சான நூல்களை மட்டும் எண்ணினால் அப்படித் தோன்றும். மேடையை எண்ணினால் அறுபது ஆண்டுகளுக்கு மேல் விட்டுப்போகிறது.

1870இலேயே யாகூப் சனூ கெய்ரோவில் குழு சேர்த்து, தெருவில் பேசும் அரபியில் நகைச்சுவை நாடகங்கள் போட்டார். எகிப்தை ஆண்ட கெதிவ் இஸ்மாயீல் முதலில் ஆதரித்தார். 1872இல் அரங்கு மூடப்பட்டது. பிறகு சலாமா ஹிஜாஸியின் இசை நாடகங்கள், நஜீப் அல்-ரீஹானியின் கிஷ்கிஷ் பே என்ற நகைச்சுவைப் பாத்திரம், 1923இல் யூசுஃப் வஹ்பியின் ராம்சேஸ் குழு. ஹகீம் வந்தபோது டிக்கெட் வாங்கிப் பழகிய ரசிகர் கூட்டம் ஏற்கெனவே இருந்தது.

‘குகைவாசிகள்’ 1933இல் நூலானது. 1935இல் தேசிய நாடகக் குழு, ஸகி துலைமாத் இயக்கத்தில், அதை வைத்தே தன் முதல் திரையைத் தூக்கியது. எடுபடவில்லை. முந்நூறு ஆண்டு உறங்கி விழித்தவர்கள் காலத்தோடு மோதுகிறார்கள். அந்த மோதல் முழுக்க மனத்துக்குள் நடப்பது. நடிகருக்குப் பேச்சு உண்டு, செயல் இல்லை. பேச்சும் வீட்டில் யாரும் பேசாத இலக்கண அரபி. தம் நாடகங்கள் மனத்துக்குள் நடப்பவை என்று ஹகீமே பின்னர் எழுதினார்.

அவர் அதோடு நின்றுவிடவில்லை என்பதுதான் கட்டுரை தவறவிட்ட முக்கியமான செய்தி. 1956இல் வெளிவந்த ‘பேரம்’ நாடகத்தில், ஒரு நிறுவனத்தின் நிலத்தை வாங்கக் காசு சேர்க்கிறார்கள் கிராமத்தார். தற்செயலாக அங்கே வந்துசேரும் பெரும் பண்ணையாரைப் போட்டிக்கு வந்தவர் என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். வசனத்தை இலக்கண அரபி, பேச்சு அரபி என்ற இரு வழக்குக்கும் பொதுவான சொற்களால் கட்டினார் ஹகீம். ‘காஃப்’ என்ற அரபி எழுத்தைக் கெய்ரோக்காரர் தொண்டையை அடைத்து நிறுத்தும் ஒலியாகவும் மேல் எகிப்தியர் ‘g’ ஒலியாகவும் உச்சரித்தால் பேச்சு வழக்கு. எழுதியபடியே உச்சரித்தால் இலக்கண அரபி. நிகழ்வது திறந்தவெளியில் என்பதால் பெரிய செட்டும் வேண்டாம், ஊர்க் களமே போதும். அதே காலத்தில் நுஃமான் ஆஷூர் ‘கீழ்த்தளத்து மனிதர்கள்’ நாடகத்தைத் தயக்கமே இல்லாமல் பேச்சு வழக்கில் எழுதினார்.

1964இல் எழுத்தாளர் யூசுஃப் இத்ரீஸ் இன்னும் ஒரு படி போனார். கிராமத்து இரவுக் கூடல்களான ‘சாமிர்’தான் எகிப்திய நாடகத்தின் வேர் என்று கட்டுரைகளில் வாதிட்டு, ‘ஃபராஃபீர்’ என்ற நாடகத்தை எழுதினார். வேலைக்காரன் ஃபர்ஃபூரும் எஜமானும் பார்வையாளர்களோடு நேராகப் பேசுகிறார்கள். செத்த பிறகும் விடுதலை இல்லை; வேலைக்காரன் அணுத்துகளாகி எஜமானைச் சுற்றிக்கொண்டே இருக்கிறான். பின்பாதியில் விவாதம் நீள்வது உண்மை. ஆனாலும் நாடகம் போடுபவர்கள் படிக்க வேண்டிய முதல் எகிப்தியப் பிரதி இதுவே என்பது எங்கள் கருத்து. கட்டுரையின் அடுத்த பகுதி வருவதானால் சனூவுக்கும் ஆஷூருக்கும் இத்ரீஸுக்கும் அதில் இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
நாடக வாசகர்கள் சிலர்