தியானக் குறிப்பேடு

குழுவில் உள்ள அனைவருக்கும் ஸ்தோத்திரம். வரும் திங்கள் முதல் நாம் வேதாகமத்தின் சங்கீதங்களை நாளுக்கு ஒன்றாக வாசிக்கிறோம். இந்த முறை ஆளுக்கொரு நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே தேதி, வேதபகுதி. அதன்கீழ், தியானப் புத்தகம் எதையும் புரட்டுவதற்கு முன், வசனத்தில் நீங்களே கண்டதை எழுதுங்கள். உதாரணமாக 13ஆம் சங்கீதம். ஆறே வசனம்தான். முதல் இரண்டு வசனங்களில் மட்டும் தாவீது நான்கு முறை "எதுவரைக்கும்" என்று கேட்கிறார். கடைசி வசனத்திலோ பாடுகிறார். நடுவில் என்ன மாறியது? சூழ்நிலை மாறியதாக அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. இதைக் கையால் எழுதும்போதுதான் கண்ணில் படும்; வேகமாக வாசித்தால் தாண்டிப் போய்விடுவோம்.

ஜெபக் குறிப்புகளுக்கு எதிர்ப்பக்கம். "குடும்பத்தை ஆசீர்வதியும்" என்று பொதுவாக எழுதாமல், யாருக்காக, எதற்காக என்று தேதியோடு எழுதுங்கள். பக்கத்தில் கொஞ்சம் இடம் விடுங்கள், பதில் வந்த தேதியை அப்புறம் குறிக்க. பதில் "இல்லை" என்று வந்தாலும் குறியுங்கள், அதுவும் பதில்தான்.

ஒருநாள் விட்டுப்போனால் சரி, அன்றைய பகுதியிலிருந்தே தொடருங்கள். 119ஆம் சங்கீதம் 176 வசனம், அதைப் பல நாட்களாகப் பிரித்து வாசிப்போம்.

குழுவில் பகிர விரும்புகிறவர்கள் வசனக் குறிப்பை மட்டும் பகிருங்கள். ஜெபப் பக்கத்தைப் படம் எடுத்துப் போட வேண்டாம். அதில் மற்றவர்களுடைய கண்ணீரும் இருக்கும்.