ரசத்தை நாலு மணிக்கே இறக்காதீர்கள்: விடுதிக் காப்பாளர்களுக்கும் மெஸ் கமிட்டிக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்ததும் விடுதிப் பலகையில் கொள்ளு ரசம், மிளகுப் பொங்கல், சுக்கு மல்லிக் காபி எல்லாம் ஏறிவிடுகின்றன. நல்லதுதான். ஆனால் பந்தியில் ரசம் ஆறிக் கிடக்கிறது, பொங்கல் கட்டி தட்டிப்போகிறது. இரவு 8 மணிச் சாப்பாட்டுக்கு மாலை 4 மணிக்கே எல்லாவற்றையும் இறக்கி வைத்தால் வேறென்ன ஆகும்? மெனுவை அப்படியே விட்டுவிட்டு, வேலை நேரத்தை மாற்றுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

100 பேருக்கான கொள்ளு ரசத்தையே எடுத்துக்கொள்வோம். கொள்ளு 3 கிலோ. கல் அதிகம் வரும். புடைத்தால் மட்டும் போதாது, அரித்தே ஆக வேண்டும். காலை டிபன் முடிந்ததும் ஊறப் போட்டால் மாலை 6 மணிக்கு வேகவைக்கச் சரியாக இருக்கும். ஊறாத கொள்ளு வழக்கமான விசிலுக்கு வேகாமல் உள்ளே கடுக்கென்று நிற்கும். அரைவேக்காட்டில் தின்றுவிட்டு வயிறு உப்பினால், பிள்ளைகள் கொள்ளே ஆகாது என்று ஒதுக்கிவிடுவார்கள். வெந்த தண்ணீர் ரசத்துக்கு, பயறு சுண்டலுக்கு. அந்தத் தண்ணீரை மதியமே எடுத்து வெளியே வைக்காதீர்கள், மழைநாளிலும் நுரைத்துப் புளித்துவிடும்.

15 லிட்டர் ரசத்துக்குப் புளி 400 கிராம், தக்காளி 2 கிலோ. இரண்டையும் மஞ்சள், உப்பு சேர்த்துப் பச்சை வாடை போகக் கொதிக்கவிடுங்கள். இதுவரை முன்கூட்டியே செய்துகொள்ளலாம். மிளகு 60 கிராம், சீரகம் 80 கிராம், பூண்டு கால் கிலோ, மூன்றையும் ஒன்றிரண்டாக இடித்து மூடி வையுங்கள். பந்தி தொடங்கும்போது புளிக்கரைசலைக் கொதிக்கவைத்து, கொள்ளுத் தண்ணீர் கலந்து, ஐந்தைந்து லிட்டராக முடியுங்கள். இடித்ததில் மூன்றில் ஒரு பங்கு ஒரு தடவைக்கு. நுரை ஓரத்தில் கூடி நடுவுக்கு நகரும், அப்போதே இறக்கிவிட வேண்டும். அதற்கு மேல் தளதளவென்று கொதித்தால் வாசனை ஆவியோடு போய்க் காரம் மட்டும் மிஞ்சும். சிறு தீயில் நாலு மணி நேரம் போட்டு வைத்தாலும் இதே கதிதான்.

பொங்கலுக்குப் பச்சரிசி 6 கிலோ, பாசிப்பருப்பு 2 கிலோ, ஐந்து மடங்கு தண்ணீர். ஆற ஆற இறுகுவது அதன் இயல்பு. அதனால் கரண்டி எடுத்தால் வழியும் பதத்திலேயே இறக்கி, பக்கத்தில் ஒரு பாத்திரம் வெந்நீர் வைத்துக்கொள்ளுங்கள். பச்சைத் தண்ணீர் விட்டுக் கிளறினால் அடுத்த பந்திக்குள் நீர்த்துப் பிரியும். மிளகில் பாதியைத் தட்டிப் போடுங்கள். முழுசாகப் போட்டதெல்லாம் தட்டு ஓரத்தில்தான் ஒதுங்கும்.

சுக்கு மல்லிக் காபி 12 லிட்டருக்கு மல்லி 200 கிராம், சுக்கு 100, மிளகு 20, கருப்பட்டி 1 கிலோவுக்குச் சற்று கூட. கருப்பட்டியில் மண் இருக்கும், தனியே கரைத்து வடிகட்டுங்கள். பால் கேட்பவர்கள் இருப்பார்கள். கருப்பட்டியோடு பாலைக் கொதிக்கவிட்டால் திரியும். அடுப்பை அணைத்த பிறகு காய்ச்சிய பாலைத் தனியே ஊற்றிக் கொடுக்கலாம். (பாலில்லாமல் குடிப்பதே எங்கள் கட்சி.)

சோற்று விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கட்டும், இல்லையென்றால் சீக்கிரம் ஆறவைத்துக் குளிர்பெட்டிக்குப் போகட்டும். வெதுவெதுப்பாகக் கிடக்கும் சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுநாள் எலுமிச்சை சாதமாகக் கிளறிச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழியாது. மழைக்குக் குளிரத்தான் செய்கிறது, கெடாது என்று நம்பி மூடி வைக்கிற அண்டாவில்தான் இது நடக்கிறது.

கீரை வாங்குகிறவர்களுக்கு ஒன்று: தரையோடு வளரும் சிறுகீரையும் அரைக்கீரையும் இந்த மாதங்களில் சேறு தெறித்து வரும், நாலைந்து தண்ணீர் மாற்றி அலச வேண்டும். ஆள் குறைவென்றால் முருங்கைக்கீரைக்குப் போய்விடுங்கள். சிறுகிழங்கு தையை ஒட்டித்தான் குவியும். ஐப்பசி மெனுவில் எழுதி வைத்துத் தேடி அலைய வேண்டாம்.

இவற்றுக்கெல்லாம் பரிமாறும் இடத்தருகே ஓர் அடுப்பும், மாலை 6 முதல் 9 வரை கூடமாட உதவ ஓர் ஆளும் தேவை. வரும் கமிட்டிக் கூட்டத்தில் முதலில் இந்த இரண்டையும் எடுங்கள்.

இப்படிக்கு,
விடுதிச் சமையலில் இருப்பவர்கள்