அம்மாவின் கைகள்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. பையன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். 'வீட்டு வேலையே சரியாக இருக்கிறது, வரைய எங்கே நேரம்' என்று எழுதியிருந்தாயே, அதுதான் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறார். மத்தியானம் துணி மடிக்க உட்காருவார். நானும் எதிரே ஸ்கெட்ச் நோட்டோடு உட்கார்ந்துவிடுவேன். அம்மாவின் கை ஒரு நிமிடம் நிற்காது. ஓரத்தோடு ஓரம் சேர்க்கும், உள்ளங்கையால் ஒருமுறை நீவும், அடுத்த துணிக்குப் போய்விடும். ஒரு விரலை வரைவதற்குள் மற்ற விரல்கள் இடம் மாறியிருக்கும். அதனால் பழைய கோட்டை அழிக்காமல் அதன் மேலேயே புதிதாகப் போடுகிறேன். ஒரே பக்கத்தில் நாலைந்து கைகள். முகத்தை வரைந்தபோதெல்லாம் பிடிபடாத அம்மா அந்தப் பக்கத்தில் அப்படியே இருக்கிறார்.

பியர் போனார் என்ற பிரெஞ்சு ஓவியரை நினைத்துக்கொள்கிறேன். சாப்பாட்டு மேஜை, ஜன்னல், மனைவி குளிக்கும் அறை என்று வீட்டையே வாழ்நாளெல்லாம் வரைந்தவர். எதிரே வைத்துக்கொண்டு தீட்டமாட்டார். சின்ன டைரியில் பென்சிலால் கிறுக்கி, பக்கத்தில் அன்றைய வானிலையையும் குறித்துக்கொள்வார். வண்ணமெல்லாம் பிறகு, நினைவிலிருந்து. டென்மார்க்கின் ஹாமர்ஷோய், கோபன்ஹேகனில் 1898 முதல் 1909 வரை குடியிருந்த வீட்டின் அறைகளையே திரும்பத் திரும்ப வரைந்தார். 1900-இல் வரைந்த ஒன்றில் ஆளே கிடையாது. ஒரு ஜன்னல், மூடிய கதவு, வெயிலில் மிதக்கும் தூசி, அவ்வளவுதான். போய்க்கொண்டே இருக்கும் நேரத்தை அதைவிட நன்றாக யாரும் காட்டியதாக எனக்குத் தோன்றவில்லை.

பையனைப் போட்டோ எடுத்துவைத்து அப்புறம் பார்த்து வரையலாம் என்று நினைக்காதே. போட்டோவில் இருப்பது ஒரு நொடி. உனக்கு வேண்டியது அவன் விழப்போய்ச் சமாளித்து நிற்கிறானே, அந்த முழு ஆட்டமும். தூங்கும்போது வேண்டாம், ஓடும்போதே வரை. பாதியில் எழுந்து போகவேண்டி வந்தால் போ, பின்பக்கம் தேதியை மட்டும் போட்டுவிடு. அந்தப் பாதிப் படத்தை முடிக்கிறேன் என்று பிறகு கை வைக்காதே.

வாட்டர்கலரில் அசல் அலிசரின் கிரிம்சன் என்ற அடர் சிவப்பை வாங்காதே, வெளிச்சத்தில் வெளிறிவிடும். குவினாக்ரிடோன் சிவப்பு நிற்கும். அடுத்த கடிதத்தோடு ஒரு பக்கமாவது கிழித்து அனுப்பு. அம்மா உன்னை ரொம்ப விசாரித்தார்.

அன்புடன்,
மாலதி