டின் இறைச்சி, ஆறிய சோறு: ரவிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ரவி,

உன் மெசேஜ் கிடைத்தது. உன் அம்மாவைப் பற்றித்தான் முதலில் கேட்டிருந்தாய், அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். இருமல் விட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போனபோது இஸ்தோப்பில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள், பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களாம், "அவன் அங்க நேரத்துக்குச் சாப்பிடுறானா" என்று திரும்பத் திரும்ப என்னிடம் கேட்டார்கள். கந்தப்பளையில் மழை இன்னும் விட்டபாடில்லை. பின்னேரமானால் பனிமூட்டத்தில் எதிரே வரும் பஸ்கூடத் தெரிவதில்லை. நம்ம நுவரெலியாப் பக்கம் லீக்ஸ் மட்டும் நன்றாக வந்திருக்கிறது.

சரி, உன் பிரைட் ரைஸுக்கு வருவோம். டோஹாவில் உன் அறையில் இருக்கும் பிலிப்பினோ பையன் டின் இறைச்சியில் செய்வது அவ்வளவு ருசி, நீ செய்தால் களியாகிறது, காரமும் ஏறவில்லை என்று எழுதியிருந்தாய். அந்தப் பையனுக்கு அது கைவந்ததில் ஆச்சரியமில்லை மச்சான். 1937இல் அமெரிக்காவில் ஹோர்மல் கம்பனி ஸ்பாம் டின்னை விற்பனைக்குக் கொண்டுவந்தது, இரண்டாம் உலகப் போரில் பசிபிக் பக்கம் போன சிப்பாய்களோடு அந்த டின்களும் போயின. ஹவாய், குவாம், பிலிப்பைன்ஸ், அப்புறம் கொரியா என்று போன இடமெல்லாம் சோற்றோடும் முட்டையோடும் சேர்ந்து அந்த ஊர்ச் சாப்பாடாகவே ஆகிவிட்டது. மழைக்காலத்தில் நம்ம வீடுகளில் டின்மீன் எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி.

உன் சோறு குழைவதற்கு நீ நம்ம ஊர்க் கணக்கில் வடிப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நுவரெலியா 1868 மீற்றர் உயரம், இங்கே தண்ணீர் 94 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும், அதனால் அரிசி வேக நேரமும் தண்ணீரும் கூட வேண்டும், நம்ம அம்மாமார் கைப்பழக்கமே அப்படி. நீ இருப்பது கடற்கரை, அங்கே 100இல் கொதிக்கிறது. அதே நேரம் அடுப்பில் விட்டால் குழையாமல் என்ன செய்யும்? நேரத்தையும் தண்ணீரையும் குறை, ஒரு பருக்கையை விரலில் நசுக்கிப் பார், நடுவில் இலேசாகக் கடிபட்டால் அதுதான் பதம், உடனே வடித்துவிடு. பாஸ்மதி நல்லது, கீரிச்சம்பாவும் சரிவரும்.

வடித்ததும் அகலத் தட்டில் பரப்பி, ஆவி அடங்கியவுடன் பிரிஜ்ஜில் வைத்து அடுத்த நாள் எடு. ஆறிய சோறுதான் தாச்சியில் உதிரியாக நிற்கும், சூட்டுச் சோறு எண்ணெயைக் கண்டதும் ஒட்டும். ஆனால் ஒன்று, இங்கே குளிரில் ராத்திரிச் சோற்றை அடுப்படியில் மூடிவைத்த பழக்கத்தை டோஹாவுக்குக் கொண்டுபோகாதே. அந்த வெக்கையில் வெளியே கிடந்த சோற்றில் கிருமி பெருகும், அது விடும் நஞ்சு திரும்ப வறுத்தாலும் போகாது, வாந்தியும் வயிற்றோட்டமும்தான் மிச்சம். இதை மட்டும் விளையாட்டாக எடுக்காதே.

இப்போது காரம். நீ கொச்சிக்காய்த் தூளைக் கடைசியில் சோற்றின் மேல் தூவுகிறாய், அதனால் நாக்கில் எரிகிறதே தவிர ருசி இல்லை. காரம் கொழுப்பில் வேகவேண்டும். காய்ந்த கொச்சிக்காய் ஏழெட்டை விதை தட்டி, சுடுதண்ணீரில் ஊறவைத்து, நாலு பல் பூண்டு, ஒரு பிடி சின்ன வெங்காயத்தோடு அரைத்துக்கொள். மாசிக் கருவாட்டுத் தூள் இருந்தால் ஒரு சிட்டிகை, வாசமே வேறு.

340 கிராம் டின்னில் பாதி, மூன்று கப் சோற்றுக்குப் போதும். இறைச்சியைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெட்டி வெறும் தாச்சியில் போடு, கோழி டின் என்றால் ஒரு கரண்டி எண்ணெய் விட்டுக்கொள், அதில் கொழுப்பு குறைவு. போட்டவுடனே கிண்டாதே. ஓரம் சிவந்து, மொறுமொறுவென்று சத்தம் மாறும்வரை அப்படியே விடு, அப்புறம் புரட்டு. முறுகியதை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, அதே கொழுப்பில் அரைத்ததைப் போட்டு, பச்சை வாசம் போய் எண்ணெய் ஓரத்தில் சிவப்பாகப் பிரிந்து நிற்கும்வரை சின்னத் தீயில் வதக்கு. இந்த இடத்தில் அவசரப்பட்டால் எல்லாமே வீண். அதன்பிறகுதான் லீக்ஸ், கரட் (அங்கே லீக்ஸ் விலையென்றால் வெங்காயத்தாள்), ஒரு ஓரத்தில் முட்டை, அப்புறம் தீயைக் கூட்டிக் கையால் உதிர்த்த சோறு. சோயா சோஸ் ஒரு தேக்கரண்டி, சோற்றில் ஊற்றாமல் தாச்சியின் ஓரத்தில் ஊற்று, சீறி வாசம் ஏறும். கடைசியில் இறைச்சியைத் திரும்பப் போட்டு, இரண்டு சொட்டு வினாகிரி. உப்பு போடவே போடாதே, டின்னிலும் சோஸிலும் இருப்பதே தாராளம். உங்கள் வீட்டில் பிரஷர் இருப்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன், வாரத்துக்கு ஒருதரம் போதும் மச்சான், தினமும் வேண்டாம்.

டின்மீனில் செய்யலாமா என்றும் கேட்டிருந்தாய். செய்யலாம், தண்ணீரை முழுக்க வடித்து, நடுமுள்ளை எடுத்து, தனியே வறுத்துக் கடைசியில் சேர்த்தால். என்னைக் கேட்டால் டின்மீனுக்குத் தக்காளியும் கறிவேப்பிலையும் போட்ட குழம்புதான், அதைப் பாணோடு சாப்பிடவேண்டும்.

எங்கள் வீட்டில் போன வாரம் செய்தோம். குவைத்திலிருந்து வந்த அண்ணி கொடுத்த கோழி டின், வீட்டுக்குப் பின்னால் பிடுங்கிய லீக்ஸ், வேறு எதற்கும் கடைக்குப் போகவில்லை. பிள்ளைகள் தாச்சியின் அடியில் பிடித்ததைச் சுரண்டிச் சாப்பிட்டார்கள், பெரியவள் உனக்கும் எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

சித்திரைக்கு லீவு கிடைக்குமா என்று இந்த மாதமே கேட்டு வை. வந்தால் டின் கொண்டுவருவாய் என்று தெரியும், மாடு வேண்டாம், எங்கள் அம்மா தொடமாட்டார்கள், கோழியாகவே வாங்கு. உன் அம்மாவுக்கு இந்த ஞாயிறு போன் எடு, பத்து மணிக்குள் எடுத்தால் கோயிலுக்குப் போகுமுன் பிடிக்கலாம்.

அன்புடன்,
குமார்