காணாமற்போன ஆமைகள் குறித்து நண்பருக்கு

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் மடல் நேற்று மாலை வந்து சேர்ந்தது. தோட்டத்து ஆமைகள் இரண்டும் காணவில்லை என்பதைப் படித்தபின் வேறெதிலும் மனம் செல்லவில்லை. மூத்தவளை உங்கள் தாயார் தம் இளமையிலிருந்தே வளர்த்ததையும், அவர் மறைவுக்குப் பின் அவள் உங்கள் பொறுப்பில் வந்ததையும் நான் அறிவேன். "ஆமைதானே, வேறொன்று வாங்கிக்கொள்ளலாம்" என்று உங்களுக்கு ஆறுதல் சொன்னவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் அந்தச் சொல் உங்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்பதை என்னால் உணர முடிகிறது.

யாரோ திருடிச் சென்றுவிட்டார்கள் என்ற முடிவுக்கு நீங்கள் வந்துவிட்டதுபோல் தெரிகிறது. அந்த ஐயம் நியாயமானதே. உலகெங்கும் நில ஆமைகளுக்குக் கள்ளச்சந்தை இருக்கிறது. அருகிவரும் உயிரினங்களைக் காக்க 1975இல் நடைமுறைக்கு வந்த சைட்டிஸ் (CITES) உடன்படிக்கை அவற்றின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தியும், நட்சத்திர ஆமையை 2019இல் மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலுக்கு மாற்ற வேண்டிய நிலையே ஏற்பட்டது. ஆயினும் உங்கள் மடலிலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. மூத்தவள் முதலில் மறைந்தாள், சில நாள் கழித்துத்தான் சிறியவன் மறைந்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். திருட வந்தவன் இரண்டில் பெரியதை மட்டும் எடுத்துக்கொண்டு சிறியதற்காக இன்னொருமுறை வருவது அரிது. ஆமைகளோ வேலியோரமாகவே நாள்தோறும் நடப்பவை. ஒன்று கண்டுபிடித்த வழியை மற்றொன்றும் விரைவில் கண்டுபிடித்துவிடும். ஆகவே உங்கள் வேலியில் ஓர் இடைவெளி இருக்கிறது என்றே நான் நம்புகிறேன்.

அந்த இடைவெளியை நின்றுகொண்டு தேடாதீர்கள். மண்டியிட்டு, கண்ணை ஆமையின் உயரத்துக்குக் கொண்டுவந்து, வேலியின் அடிப்பகுதியை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பாருங்கள். அவை திரும்பத் திரும்ப முட்டிப்பார்த்த இடத்தில் புல் படுத்துக் கிடக்கும், மண் வழவழப்பாகத் தேய்ந்திருக்கும். மூலைகளில் இரு பக்கமும் காலை ஊன்றி ஏற முயன்றிருந்தால் பலகையில் நகக்கீறல்கள் பக்கவாட்டில் வரிவரியாகத் தெரியும். ஆமையால் ஏற முடியாது என்று நினைப்பவர்கள் பலர். மூலை கிடைத்தால் அது நன்றாகவே ஏறும். கம்பிவலை போட்ட பகுதியை இன்னும் கவனமாகப் பாருங்கள். வலைக்கு அப்பால் இருப்பது கண்ணுக்குத் தெரிவதால், அங்கே போக முடியும் என்றெண்ணி அவை அந்த இடத்தையே நாளெல்லாம் தள்ளிக்கொண்டிருக்கும். பின்புறம் தெரியாத பலகையோ சுவரோ இருந்தால் பெரும்பாலும் திரும்பிப் போய்விடும்.

இந்தப் பருவத்தையும் எண்ணிப்பாருங்கள். முட்டையிட வேண்டிய பெண் ஆமை தகுந்த மண் தேடி ஓயாமல் அலையும். வழக்கமாகச் சாதுவாக இருப்பதுகூட அந்நாட்களில் வேலியை விடாமல் முட்டும். இங்கிலாந்தின் செல்போர்ன் ஊரில் வாழ்ந்த இயற்கையாளர் கில்பர்ட் ஒயிட் வளர்த்த திமதி என்ற ஆமையும் 1784 மே மாதத்தில் இப்படித்தான் தோட்டத்தை விட்டு வெளியேறி ஒரு வாரத்துக்கு மேல் காணாமற்போயிற்று. தோட்டத்துச் சிறுகதவின் வழியே போயிருக்கக்கூடும் என்று அவர் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார், பிறகு அது ஓர் அவரை வயலில் கிடைத்தது. ஆண் என்றே அனைவரும் கருதிய திமதி உண்மையில் பெண் என்பது, அது இறந்த பின்னர் அதன் ஓட்டினை ஆராய்ந்தபோதுதான் தெரியவந்தது. அதனால் மூத்தவளைத் தேடும்போது நிழலான புதர்களோடு நிறுத்திவிடாமல், வெயில் நன்றாக விழும், நீர் தேங்காத, தளர்ந்த மண்ணுள்ள சரிவுகளையும், அக்கம்பக்கத்தார் புதிதாகக் கொத்திவிட்ட பாத்திகளையும் பாருங்கள்.

எங்கே தேடுவது என்பதைவிட எப்போது தேடுவது என்பது முக்கியம் என்பது என் எண்ணம். ஆமையின் உடல் தானே வெப்பத்தை உண்டாக்கிக்கொள்வதில்லை. ஆகவே காலை வெயில் தரையைத் தொட்ட சிறிது நேரத்தில் அது மறைவிடத்தின் விளிம்புக்கு வந்து, கால்களை நீட்டிக் காய்ந்துகொண்டிருக்கும். உச்சிவேளையில் உள்ளே போய்விடும். வெயில் தணிந்தபின் மீண்டும் நடக்கும். நீங்கள் வேலை முடித்து வந்து இருட்டில் டார்ச் விளக்கோடு தேடுவதாக எழுதியிருந்தீர்கள். அந்நேரத்தில் அது மண்ணையோ சருகையோ போர்த்துக்கொண்டு அசையாமல் கிடக்கும். ஒரு முழ தூரத்தில் நின்றாலும் கல்லென்றே தோன்றும். விடுமுறை நாளொன்றில் காலையிலேயே சென்று, ஓரிடத்தில் அமைதியாக நின்று செவிகொடுங்கள். காய்ந்த சருகில் ஆமை நடக்கும் ஓசை அதன் உருவத்துக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிதாகக் கேட்கும்.

எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று கேட்டிருந்தீர்கள். 2014இல் இங்கிலாந்தில் பெர்ட்டி என்ற சிறுத்தை ஆமை விநாடிக்கு 0.28 மீட்டர் வேகத்தில் நடந்து கின்னஸ் சாதனை படைத்தது. அது மணிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். ஆனால் எந்த ஆமையும் நாள் முழுவதும் அப்படி நடப்பதில்லை. மேயும், காயும், ஒதுங்கும். எனவே முதலில் உங்கள் தோட்டம், பிறகு ஒட்டியுள்ள வீடுகள் என்று படிப்படியாக விரிவாக்குங்கள். வீட்டுக்குள்ளும் பாருங்கள், இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் 1982இல் காணாமற்போன ஒரு செங்கால் ஆமை, 2013இல் அதே வீட்டின் சாமான் அறையைக் காலிசெய்தபோது உயிரோடு கிடைத்தது.

அண்டை வீட்டாரிடம் சொல்லும்போது ஒரு செய்தியை மறவாமல் சொல்லுங்கள்: யார் கண்டாலும் அதைக் குளத்திலோ ஆற்றிலோ விட்டுவிட வேண்டாம். ஆமை என்றாலே நீரில் வாழ்வது என்று எண்ணி, நல்ல மனத்தோடு நில ஆமையை நீரில் விடுபவர்கள் இருக்கிறார்கள். அதற்கு நீந்தத் தெரியாது, மூழ்கிவிடும். அறிவிப்புத் தாளில் படத்துக்குக் கீழே இந்த வரியைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். அவர்கள் புல்வெட்டும் இயந்திரம் ஓட்டுவதையும், சருகுக் குவியலைக் கொளுத்துவதையும் சில நாள் தள்ளிவைக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். நாய் வளர்ப்பவர்களிடமும் சொல்லிவையுங்கள். எலும்பைப்போலக் கவ்விக் கடித்துவிடும்.

மூத்தவளுக்கு மைக்ரோசிப் பொருத்தியிருப்பதாக முன்பு சொன்ன நினைவு. அது இருக்கும் இடத்தைக் காட்டாது. கண்டெடுத்தவர் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனால், அவர் கருவியால் இடது பின்னங்காலருகே படித்துப் பார்க்கும்போதுதான் பயன்படும். ஆகையால் அந்த எண்ணை அருகிலுள்ள மருத்துவர்கள் அனைவரிடமும் கொடுத்துவையுங்கள். சிறியவனுக்குச் சிப் இல்லையென்றால் அவனது அடியோட்டுப் படத்தைத் தேடியெடுங்கள். அந்தத் தட்டுகளிலுள்ள கறுப்புத் திட்டுகள் ஒவ்வொரு ஆமைக்கும் வேறுபடும். உரிமையை மெய்ப்பிக்க அது உதவும்.

என் வீட்டு ஆமை நலமாக இருக்கிறது. சென்ற ஆண்டு அதுவும் இப்படி மறைந்து, நாங்கள் நம்பிக்கை இழந்துகொண்டிருந்த வேளையில், மழைக்குப் பிந்தைய ஒரு காலையில் விறகுக் குவியலின் அடியிலிருந்து முகமெல்லாம் சேறாக வெளியே வந்தது. பல வாரம் உண்ணாமலிருந்தும் எடை சிறிதே குறைந்திருந்தது. ஆதலால் நாள் கடந்துவிட்டதை வைத்து நீங்கள் தேடலை நிறுத்திவிடக்கூடாது. குளிர் தொடங்கிவிட்டால்கூட எங்கேனும் புதைந்து உறங்கி, வெயில் வந்ததும் எழக்கூடும்.

வரும் ஞாயிறன்று விடிவதற்குள் நான் அங்கே வந்துவிடுகிறேன். இருவரும் சேர்ந்து முதலில் உங்கள் பக்கத்தையும், பிறகு பின்வீட்டாரின் பாத்திகளையும் பார்ப்போம். அவர்களிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுவையுங்கள். இடைவெளி எங்கே இருந்தாலும், இரண்டும் கிடைக்கும்வரை அதை அடைத்துவிடாதீர்கள். போன வழியே திரும்பிவரவும் வாய்ப்புண்டு.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்