கட்டுக்கம்பி விற்கிறவன் வாயில் கம்பி

பாப்பா,

நேற்று போனில் நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. கடையில் ஆள் நின்றார்கள், அது ஒரு காரணம். இருபத்தொன்பது வயதில் பல்லுக்குக் கிளிப் போட்டால் ஆபீசில் சிரிப்பார்களா என்று கேட்டாய், நான் "உன் இஷ்டம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். உன் அப்பா வாயில் ஏழு மாதமாகக் கம்பி கிடக்கிறது. அம்மா சொல்லத் துடித்தாள், நான்தான் வேண்டாம் என்றேன். வீடியோ காலில் தள்ளி உட்கார்ந்துகொண்டு உம், உம் என்று மட்டும் சொன்னதெல்லாம் இதற்குத்தான்.

ஆமாம், 56 வயதில். சிரிக்கிறதானால் இப்போதே சிரித்து முடித்துக்கொள்.

அழகுக்காகப் போடவில்லை. பதினைந்து வருஷம் முன்னால் கீழே இடது பக்கம் ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினேனே, ஒரு பல்தானே என்று அந்த இடத்தை அப்படியே விட்டேன். நாம் விட்டாலும் பல் விடாது போல. பின்னால் இருந்தது, பஸ்ஸில் பக்கத்து சீட் காலியானதும் தூங்கிச் சாய்கிற ஆள் மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பள்ளத்தில் சாய்ந்துவிட்டது. மேல்பல்லும் கடிக்க எதிர்ப்பல் இல்லாமல் கீழே இறங்கிவிட்டது. இப்போது புதுப்பல் கட்டலாம் என்று போனால் கட்டுவதற்கு இடமே இல்லை, சாய்ந்ததை நிமிர்த்திவிட்டுத்தான் கட்ட முடியும், அதற்குக் கம்பி போடணும் என்றார் டாக்டர். முன்பல் நெருக்கத்தையும் கையோடு சரிசெய்துவிடலாம், பிரஷ் போகாமல்தான் ஈறில் ரத்தம் வருகிறது என்றார். முதலில் பல்லைச் சுத்தம் செய்து, ஈறை ஆற வைத்து, சுகர் டெஸ்ட் பார்த்து, வாய் முழுக்க எக்ஸ்ரே எடுத்து, அப்புறம்தான் கம்பியையே கையில் எடுத்தார்.

புனலூர் டாக்டர்தான். செங்கோட்டையில் ரயில் ஏறி, பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் நுழைந்து வெளியே வந்தால் கேரளத்து ஆரியங்காவு, பாஷை மலையாளமாக மாறிவிடும். அந்தப் பக்கம் இதற்குக் கிளிப் என்று சொன்னால்கூட யோசிக்கிறார்கள், கம்பி என்றால் உடனே புரிகிறது. முதல் தடவை இறுக்கிவிட்டு "வேதன உண்டோ?" என்று கேட்டார். நமக்கு வேதனை மனசில், அவர்களுக்குப் பல்வலியும் வேதனைதான். பாதி வியாபாரம் அந்தப் பக்கத்து ஆட்களோடு செய்கிறவனுக்கு இது தெரியாதா என்ன, இருந்தாலும் அந்தக் கேள்வி என்னை ஒரு நிமிஷம் என்னவோ செய்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கடையில் நடக்கிற கூத்தைக் கேள். கொத்தனார்கள் வந்து கட்டுக்கம்பி கிலோ என்ன விலை என்று கேட்டுவிட்டு என் வாயைப் பார்க்கிறார்கள். ஒருத்தர், "அண்ணாச்சி, கான்கிரீட் எப்போ போடுறாப்ல?" என்றார். பத்து நாள் நடந்தது, பதினோராம் நாள் ஆளாளுக்கு அவரவர் வேலை. உன் ஆபீசில் பத்து நாள்கூட ஆகாது.

அந்தக் கம்பி சாதாரணப்பட்டது இல்லை பாப்பா. வெட்டிப்போட்ட துண்டு ஒன்றை டாக்டரிடம் கேட்டு வாங்கி வந்தேன். நம் கட்டுக்கம்பியை வளைத்தால் வளைந்தபடியே கிடக்கும். இதை எப்படி வளைத்துவிட்டாலும் பழைய வடிவத்துக்கே நிமிர்ந்து வருகிறது. நிக்கலும் டைட்டானியமும் கலந்தது. கோணல் பல்லோடு சேர்த்துக் கட்டினால், அது நிமிரப் பார்க்கும்போது பல்லையும் கூடவே இழுக்கிறது. பல் நகருகிற பக்கம் எலும்பு கரைந்து வழி விடுகிறது, விட்டுவந்த பக்கம் புது எலும்பு வளருகிறது. மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் அதிகம். எலும்பு கரைந்து வளருவது எந்த வயதிலும் நடக்கும், என் வயதில் கொஞ்சம் நிதானமாக நடக்கிறது, அவ்வளவுதான். தாடை எலும்பே கோணல் என்றால்தான் பெரியவர்களுக்குக் கம்பி மட்டும் போதாதாம்.

கஷ்டம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இறுக்கின மறுநாள்தான் மோசம், இட்லியைக் கடித்தால்கூட வலிக்கும், நாலைந்து நாளில் அடங்கிவிடும். வலிக்குப் பாராசிட்டமால் போதும் என்றார். கன்னத்தில் உரசிப் புண்ணாகும், மெழுகு தருவார்கள், உருட்டி அந்த இடத்தில் அப்பிக்கொள்ளலாம். ஒரு தடவை கம்பியின் நுனி பின்பக்கம் நீட்டிக்கொண்டு குத்தியது, கடையில் கட்டிங் பிளையர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, நானே வெட்டியிருப்பேன், அம்மா பிடுங்கி வைத்துவிட்டாள். சாப்பாடு கஞ்சியும் பயறும், குழைய வேகவைத்த மரச்சீனிக்கிழங்கு, கடலைக்கறியில் ஊறவைத்த புட்டு. பார்டர் பரோட்டாவைக்கூடச் சால்னாவில் ஊறப்போட்டுக் குழந்தை மாதிரி தின்கிறேன். பலாச்சுளை சிப்ஸ் ஒன்றே ஒன்று என்று வாயில் போட்டதில், பல்லில் ஒட்டியிருந்த பிராக்கெட் பெயர்ந்து கம்பியில் தொங்கியது. டாக்டரிடம் தோசை சாப்பிட்டேன் என்றேன். அவர் நம்பவில்லை.

சரி, சொல்ல வந்ததை இன்னும் சொல்லவில்லை.

2009-ல் உன்னைப் புனலூருக்குக் கூட்டிப்போனேனே, பதின்மூன்று வயது உனக்கு. அப்போது மீட்டர் கேஜ் வண்டி, அடுத்த வருஷம் அதை நிறுத்திவிட்டார்கள். பதிமூணு கண்ணு பாலத்தில் நீ ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கண்ணு கண்ணாக எண்ணிக்கொண்டு வந்தாய். உன் தெத்துப்பல்லைப் பார்த்துவிட்டு, இந்த வயதில் போட்டால் சுலபம் என்று சொல்லி 18,000 ரூபாய் ஆகும் என்றார் அப்போதிருந்த டாக்டர். திரும்பும்போது நான் உன்னிடம் என்ன சொன்னேன்? தெத்துப்பல் லட்சணம், அதிர்ஷ்டம், அதைப் போய் எதுக்குக் கெடுக்கணும் என்றேன். நீயும் தலையாட்டினாய்.

லட்சணமும் இல்லை, அதிர்ஷ்டமும் இல்லை. பணம் இல்லை. கடைக்கு அட்வான்ஸ் கொடுத்து சரக்கு இறக்கின மாதம் அது. கடைக்குக் கம்பி வாங்கிப் போட்டேன், உன் பல்லுக்குப் போடவில்லை. பணம் இல்லை என்று சொல்லியிருந்தால் உனக்குப் புரிந்திருக்கும். உன் காலேஜ் ஐடி கார்டிலும் சித்தி மகள் கல்யாண ஆல்பத்திலும் நீ உதட்டை மூடிக்கொண்டேதான் சிரிக்கிறாய். அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். "வேதன உண்டோ" என்று கேட்டபோது இதெல்லாம்தான் வந்து நின்றது.

அதனால் போட்டுக்கொள். வேண்டாம் என்று உனக்கே தோன்றினால் விடு, ஆனால் நான் அன்றைக்குச் சொன்ன பொய்யை நம்பி விடாதே. கம்பிக்குப் பதிலாகப் பல்மேல் உறை மாதிரி மாட்டுகிற, கண்ணுக்குத் தெரியாத அலைனர் போடலாமா என்று கேட்டாய், போடலாம், ஆனால் ஒரு நாளில் இருபது இருபத்திரண்டு மணி நேரம் வாயில் இருக்கணும், உன் காபிக்கணக்குக்கு அது ஒத்துவருமா பார். எக்ஸ்ரே எடுக்காமல், டாக்டர் முகத்தையே காட்டாமல் கூரியரில் அனுப்புகிறவர்களிடம் மட்டும் போகாதே. உனக்கு இடம் போதாமல் ஒன்றிரண்டு பல்லை எடுக்கணும் என்று சொல்லலாம், பயப்படாமல் காரணத்தைக் கேள். கழற்றினபிறகு ரிட்டெய்னர் தருவார்கள், ராத்திரி ராத்திரி போட்டுக்கொள்ளணும், விட்டால் பல் பழைய இடத்துக்கே போகப் பார்க்கும்.

முதல் தவணையை நான் அனுப்புகிறேன். உனக்கு நல்ல சம்பளம் என்று தெரியும். திருப்பி மட்டும் அனுப்பாதே.

சனிக்கிழமை எனக்குக் கம்பி மாற்றுகிறார்கள். கம்பியைப் பிராக்கெட்டோடு பிடித்து வைக்கக் குட்டி ரப்பர் வளையம் போடுவார்கள், போன தடவை நிறமில்லாத ரப்பர் கேட்டு வாங்கினேன், இரண்டு வேளைச் சாம்பாரில் மஞ்சளாகிவிட்டது, அந்த மாதம் முழுக்க வாயில் மஞ்சளோடு திரிந்தேன். அன்றைக்கு ராத்திரி வீடியோ காலில் வா, கேமராவுக்குக் கிட்டவே உட்காருகிறேன். இந்தத் தடவை என்ன நிறம் போடச் சொல்லட்டும்?

அப்பா
செங்கோட்டை